கொலை வழக்கில் சிக்கியவருக்கு நாம் வக்கீல் வைக்கலாமா?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாக அறிவித்திருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். "டிரஸ்ட் பணத்தில் கொலைக் கேசுக்கு வக்கீல் வைக்கிறார்களாமே" என்று டீக்கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் பேச்சு நடக்கிறது. மறைத்துப் பேசுவதை விட நேரில் சொல்வது நல்லது. எனவே நடந்ததையும், நாங்கள் ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அஸர் நேரத்தில் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவர் மகன் செராமிக் யூனிட்டில் சூளை வேலை பார்ப்பவர். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த ஒரு கொலை, துப்புத் துலங்காமல் கிடந்தது. அந்தக் கோப்பை மறுபடி திறந்து, அவர் மகனையும் அதில் சேர்த்துக் கைது செய்துவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பெயரும் ஊரும் சொல்லப் போவதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

அந்த அம்மா எங்களிடம் வந்தபோது கைதாகிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அதற்குள் கழுத்துச் சங்கிலியை விற்று, "ஸ்டேஷனில் எனக்கு ஆள் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டார். அவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. வக்கீல் யாரென்று கேட்டோம். "வக்கீல் வைத்தால் தப்புச் செய்ததாக ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள் பாய், அதனால் வைக்கவில்லை" என்றார்.

அன்று இரவு நிர்வாகக் குழு கூடியது. ஒரே மனதாக முடிவெடுத்தோம் என்று சொன்னால் அது பொய். எங்களிலேயே மூன்று பேர் எதிர்த்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் கேட்டது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது: "செத்துப்போனவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்கு யார் வக்கீல் வைத்தார்கள்?" நியாயமான கேள்வி. அதைத் தட்டிக் கழிக்காமல் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதல் கேள்வி, இது பாவத்துக்குத் துணை போவதாகாதா என்பது. துரோகம் செய்தவர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று சூரா நிஸாவின் 105வது வசனம் எச்சரிக்கிறது. அன்று எதிர்த்த சகோதரர் இந்த வசனத்தைத்தான் எடுத்துக் காட்டினார். ஆனால் அது இறங்கிய சந்தர்ப்பமாகத் தஃப்ஸீர்களில் பரவலாகச் சொல்லப்படும் சம்பவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதீனாவில் ஒரு கவசம் திருடு போனது. திருடியவன் முஸ்லிம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். அவன் அதை ஒரு யூதரின் வீட்டில் போட்டுவிட்டுப் பழியை அவர் மேல் சுமத்தினான். அவன் உறவினர்கள் கூட்டமாக வந்து, எங்கள் ஆள் நல்லவன் என்று நபி (ஸல்) அவர்களிடம் பரிந்து பேசினார்கள். பொருள் கிடைத்ததும் யூதரின் வீட்டில்தான். அந்த நிலையில் வஹீ இறங்கி யூதரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. தான் செய்த குற்றத்தை நிரபராதி மேல் வீசி எறிவது எவ்வளவு பெரிய பாவம் என்பதையும் அந்த வசனங்களே சொல்கின்றன.

ஆக, அந்த வசனங்களில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நம் ஆள் என்பதற்காகப் பொய்க்கு வாதாடக் கூடாது. ஊரே கை நீட்டுகிறது என்பதற்காக ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டவும் கூடாது. முதல் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட முடியாது.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா, பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து உண்மையைக் கண்டார்கள். அதாவது தடயத்தைச் சோதித்தார்கள். உண்மை தெரிந்த பிறகும் அவர்களைச் சிறையில் அடைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அரசர் ஆளனுப்பியபோது, அவர்கள் உடனே வெளியே ஓடி வரவில்லை. அந்தப் பெண்களின் விஷயத்தை முதலில் விசாரியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பழைய வழக்கைத் திறந்து, விசாரித்து, களங்கம் நீங்கிய பிறகுதான் வெளியே வந்தார்கள். தன் தரப்பைச் சொல்லும் உரிமையைக் கேட்பது ஒரு நபியின் நடைமுறை. அதை எப்படி நாம் குற்றம் என்போம்?

இப்போது நம் பகுதிக்கு வருவோம். நம் விருத்தாசலத்துக்கு அருகில் உள்ள புதுக்கூரைப்பேட்டை சம்பவம் இங்கிருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2003 ஜூலையில் முருகேசன், கண்ணகி என்ற இளம் தம்பதி, சாதி மாறித் திருமணம் செய்துகொண்டதற்காகக் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். அந்த வழக்கில் உள்ளூர்க் காவல்துறை முதலில் என்ன செய்தது தெரியுமா? இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த கொலை என்று வழக்கை எழுதி, இரு தரப்பிலும் நான்கு நான்கு பேரைக் குற்றவாளிகளாகக் காட்டியது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் ஆட்களே கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களாக நின்றார்கள்.

அன்று நம்மைப் போன்ற ஒரு சங்கத்திடம் அவர்கள் வந்திருந்தால், "கொலைக் கேசில் பெயர் இருக்கிறது, எங்களால் ஆகாது" என்று நாம் திருப்பி அனுப்பியிருப்போமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அனுப்பியிருப்போம்.

நீதிமன்றத்தில் விடாமல் போராடியதால் 2004இல் வழக்கு சிபிஐக்கு மாறியது. பிறகும் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது சம்பவம் நடந்து 18 ஆண்டுகள். விசாரணைக்கு நின்ற 15 பேரில் 13 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது, 2 பேர் விடுதலை ஆனார்கள். வழக்கைத் திசை திருப்பிய காவல் அதிகாரிகள் இருவரும் தண்டிக்கப்பட்டவர்களில் அடக்கம். ஒருவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

தண்டனை பெற்ற அத்தனை பேருக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார்கள். அதனால் நீதி தோற்றதா? இல்லை. அந்த வாதங்களையெல்லாம் தாண்டி நின்றதால்தான் அந்தத் தீர்ப்பை இனி யாரும் அசைக்க முடியாது. விடுதலையாக வேண்டியவர்கள் விடுதலையானதும் அந்த வாதத்தால்தான். செத்துப்போனவனின் தாய்க்கு யார் வக்கீல் என்று எங்கள் மூத்தவர் கேட்டாரே, அதற்கு இதுதான் பதில். அவளுக்காக அரசு வழக்கறிஞர் நிற்கிறார். ஆனால் தவறான ஆளைத் தண்டித்துவிட்டால் அவளுக்கு நீதி கிடைக்காது. உண்மையான கொலையாளி சந்தோஷமாக வெளியே திரிவான்.

வக்கீல் இல்லாமல் வழக்கு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1997 டிசம்பரில் தில்லியில் ஒரு பேருந்தில் குண்டு வெடித்து 4 பேர் இறந்தார்கள். முகம்மது ஹுசைன் என்ற வெளிநாட்டவர் மேல் வழக்கு. சாட்சி சொன்ன 65 பேரில் 56 பேரை விசாரித்தபோது அவர் பக்கம் வக்கீலே இல்லை. 2004இல் தூக்குத் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2012இல் உச்ச நீதிமன்றம், வக்கீல் துணை இல்லாமல் நடந்த விசாரணை செல்லாது என்று தண்டனையை ரத்து செய்து, முறையாக மறுபடி விசாரிக்கச் சொன்னது. அந்த மறுவிசாரணை முடிந்து 2013இல் அவர் விடுதலையானார். குண்டுவெடிப்பு நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இறந்த 4 பேரின் குடும்பங்களுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளில் கிடைத்தது என்ன?

இரண்டாவது கேள்வி, நமக்குக் கெட்ட பெயர் வராதா என்பது. வரலாம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கோயம்புத்தூரில் ஒரு வக்கீலுக்கும் போலீசாருக்கும் தகராறு நடந்தது. அந்தப் போலீசாருக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. ஏ.எஸ். முகம்மது ரஃபி வழக்கு என்று அதற்குப் பெயர். 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு தெளிவாகச் சொன்னது: இன்னாருக்கு வாதாட மாட்டோம் என்று போடப்படும் இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாதவை, அரசியல் சட்டத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் எதிரானவை. கவனியுங்கள், அங்கே பாதுகாக்கப்பட்டது போலீசாரின் உரிமை. இந்த உரிமை நமக்கு மட்டும் வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. எனவேதான் எங்கள் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தோம்: எந்த மதத்தைச் சேர்ந்த ஏழை வந்தாலும் வழிகாட்டுவோம்.

மூன்றாவது, பணம். இதைத் தெளிவாகச் சொல்கிறோம். ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய் கூட இதற்கு எடுக்கவில்லை. சட்ட உதவிக்கென்றே நிய்யத் வைத்துச் சில சகோதரர்கள் தந்த ஸதகா தனிக் கணக்கில் இருக்கிறது. வரவு செலவு அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கிறது. மேலும், பல வழக்குகளில் நாம் பணமே செலவழிக்கத் தேவையில்லை. அது பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12வது பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் உண்டு. நம் சூளையிலும் அச்சுப் பட்டறையிலும் வேலை செய்பவர்கள் அதில் வருவார்கள். விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவும், கடலூரில் மாவட்ட ஆணைக்குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என நினைக்க வேண்டாம். 2019இல் அனோகிலால் வழக்கில், ஆயுள் அல்லது தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், தயாராவதற்குப் பொதுவாகக் குறைந்தது 7 நாளாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்து, நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறோம். தாய்மார்கள் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி ஒரு நாள் வரும்போது வீட்டில் இருப்பது நீங்கள்தான்.

கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. இருபது ஆண்டு கழித்தும் கைது செய்யலாம். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் முதல் நாளே வக்கீல் உரிமை தொடங்கிவிடுகிறது, வசதி இல்லாதவருக்கு அதை எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 2012இல் கசாப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மும்பையில் அவ்வளவு பேரைக் கொன்றவனுக்கே அந்த உரிமை உண்டு என்றால், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு கூலித் தொழிலாளிக்கு இல்லையா?

போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அப்படியே குற்றத்துக்குச் சாட்சியமாக எடுக்க முடியாது. அவர் சொன்னதைக் கொண்டு ஏதாவது பொருள் கைப்பற்றப்பட்டால் அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. அடித்திருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடமும் மருத்துவரிடமும் அன்றே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் எடுபடுவது கடினம்.

கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் மனுப் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். நாளை எண்ணிக்கொண்டிருக்க ஒரு வக்கீல் இல்லை என்றால் அந்த நாள் வந்து போனது கூடத் தெரியாது.

பழைய வழக்கில் இன்னொரு சிரமம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இன்ன தேதியில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? காகிதம்தான் பேச வேண்டும். கம்பெனி வருகைப் பதிவேடு, பி.எஃப். கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை, வங்கிப் புத்தகம், நிக்காஹ் பதிவேடு, இப்படி எது கிடைத்தாலும் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். யூனிட் மூடிவிட்டார்கள் என்றாலும் கணக்கு எழுதியவரைத் தேடுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: களிமண் ஈரமாக இருக்கும்போது விரிசலைச் சரி செய்யலாம். சூளையில் வெந்து வெளியே வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வழக்கும் அப்படித்தான். முதல் வாரத்தில் செய்யாததை மேல்முறையீட்டில் செய்வது கடினம்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறோம். கொலையுண்டவரின் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகாதீர்கள். கொலை வழக்கு சமாதானத்தில் முடியும் வழக்கு அல்ல. அவர்கள் சாட்சிகளாக இருப்பார்கள். நீங்கள் நல்லெண்ணத்தில் போனாலும் சாட்சியைக் கலைத்ததாகி, கிடைத்த ஜாமீனும் ரத்தாகும். இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வழக்கைப் பற்றி எழுதாதீர்கள். நீதிமன்ற வாசலில் கூட்டம் சேர்க்காதீர்கள். எங்கள் உதவி இந்த நிபந்தனைகளோடுதான். லஞ்சம், பொய்ச்சாட்சி, மிரட்டல் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றே விலகிவிடுவோம் என்று அந்தக் குடும்பத்திடம் எழுதி வாங்கியிருக்கிறோம். சூரா நிஸாவின் முதல் பாடத்துக்கு நாங்கள் செலுத்தும் கடன் அது.

கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளை குற்றம் செய்தானா இல்லையா என்று எங்களைக் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. அவன் தாய்க்கும் தெரியாது. அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: "அவன் செய்திருந்தால் தண்டனை வாங்கட்டும் பாய். செய்யாமல் இருந்தால் அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும்." அந்த ஒரு வாயைத்தான் நாம் ஏற்பாடு செய்திருக்கிறோம். தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில். அதற்கு மேலான தீர்ப்பு அல்லாஹ்வின் கையில்.

இப்போது அவருக்குச் சட்டப் பணிகள் குழு வழியாக ஒரு மூத்த வக்கீல் கிடைத்திருக்கிறார். நாம் கொடுப்பது பிரதிகள் எடுக்கவும், கடலூருக்குப் போய் வரவும், வீட்டில் இரண்டு குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் மட்டுமே. அன்று எதிர்த்த மூவரில் ஒருவர்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மாவை அழைத்துப் போகிறார். அவர் மனம் முழுதும் மாறிவிட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. கூடப் போகிறார், அது போதும்.

அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியிலோ மத்ரஸாவிலோ யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இது நாங்கள் உங்களிடம் வைக்கும் ஒரே கோரிக்கை. கொலையுண்டவரின் குடும்பத்துக்காகவும் துஆ செய்யுங்கள். இத்தனை ஆண்டுகளாக உண்மை தெரியாமல் அவர்களும் காத்திருக்கிறார்கள். அல்லாஹ் உண்மையை வெளிப்படுத்துவானாக. இரு தாய்மாருக்கும் பொறுமையைத் தருவானாக. நமக்கு நீதியில் உறுதியைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.